ரோஹிங்யா என்ற பெயரும் அதைச் சுற்றிப் பரவும் பொய்களும்

 

பதிவு கொஞ்சம் நீளமானது. நேரம் கிடைக்கும்போது பொறுமையாக வாசியுங்கள்.

2024 டிசம்பர் 19 ஆம் திகதி முல்லைத்தீவு முள்ளிவாய்க்கால் கடலோரத்தில் ஒரு படகு தென்பட்டது. உள்ளே நூற்றுக்கும் மேற்பட்ட ரோஹிங்யா மக்கள். பெண்கள், கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள். கடலில் நாட்கணக்காக அலைந்து, தண்ணீரும் உணவும் தீர்ந்து வந்தவர்கள். முதலில் சாப்பாடும் தண்ணீரும் கொடுத்தவர்கள் அந்தக் கரையோரத்து மீனவக் குடும்பங்கள்தான். 2009 இல் அதே மண்ணில் என்ன நடந்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பசி என்றால் என்ன, கூரையில்லாமல் பிள்ளையோடு நிற்பது என்றால் என்ன என்று அறிந்த மக்கள், வந்தவன் எந்த மதம், எந்த மொழி என்று கேட்காமல் சோறு கொடுத்தார்கள்.

படகு திருகோணமலைக்குக் கொண்டுவரப்படுவதற்குள் வட்ஸ்அப் குழுமங்களில் வேறொரு படகு ஓடத் தொடங்கிவிட்டது. "இவர்கள் பங்களாதேஷிகள்", "எல்லோரும் பயங்கரவாதிகள்", "இன்னும் ஒரு லட்சம் பேர் வரக் காத்திருக்கிறார்கள்", "காணி கொடுத்துக் குடியேற்றப் போகிறார்கள்". சிங்களத்தில் வந்தது, தமிழில் வந்தது. வெட்கத்தோடு சொல்கிறேன், நம்மவர்கள் இருக்கும் குழுமங்களிலும் "நமக்கே பிரச்சினை, இவங்க வேற எதுக்கு?" என்று வந்தது.

நான் பாடசாலையில் வரலாறு படிப்பிப்பவன். பத்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், "சேர், பர்மாக்காரங்க நம்மட நாட்டப் புடிக்க வாறாங்களாமே?" என்று வகுப்பில் கேட்டான். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

*முதலாவது: "அவர்கள் பர்மாக்காரர் இல்லை, வெள்ளைக்காரன் கொண்டுவந்த வங்காளிகள்"*

மியன்மாரின் மேற்குக் கரையில் உள்ள ராக்கைன் மாநிலத்தின் பழைய பெயர் அரக்கான். அது பல நூற்றாண்டுகளாகத் தனி இராச்சியம். பர்மாவின் பாகமாக இருக்கவில்லை. 1400களின் தொடக்கத்தில் அந்நாட்டு மன்னன் நரமெய்க்லா பர்மியப் படையெடுப்புக்கு அஞ்சி ஓடி, வங்காள சுல்தானிடம் அடைக்கலம் புகுந்தான் என்றும், இருபது வருடங்களுக்கு மேல் அங்கிருந்துவிட்டு, சுல்தானின் உதவியோடு திரும்பி வந்து 1430 அளவில் மிராவுக்-யூ நகரத்தை நிறுவினான் என்றும் அரக்கானின் வரலாற்று ஏடுகள் சொல்கின்றன. அதாவது அந்த இராச்சியத்தைக் கட்டியவனே ஒரு காலத்தில் அகதி.

அதன் பின்வந்த பௌத்த மன்னர்கள் பலர் தங்கள் பெயரோடு ஒரு முஸ்லிம் பட்டத்தையும் வைத்துக்கொண்டார்கள். அவர்களுடைய நாணயங்களில் பாரசீக எழுத்தைக் காணலாம். 17 ஆம் நூற்றாண்டில் வங்க மொழியின் பெரும் கவிஞர்களில் ஒருவரான ஆலாவோல் அந்த அரசவையில்தான் இருந்தார். முகலாய இளவரசர் ஷா ஷுஜா, தம்பி ஔரங்கசீப்பிடம் தோற்று ஓடிவந்து அடைக்கலம் கேட்டதும் அரக்கானிடம்தான்.

1785 அளவில் பர்மிய மன்னன் போதவ்பயா அரக்கானைக் கைப்பற்றினான். ஏராளமான மக்கள், பௌத்தரும் முஸ்லிம்களும், ஆங்கிலேயர் ஆண்ட சிட்டகொங் பக்கம் ஓடினார்கள். முதலாம் ஆங்கில - பர்மியப் போர் முடிந்து 1826 இல்தான் அரக்கான் ஆங்கிலேயர் கைக்கு வந்தது.

இந்த ஆண்டுகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் 1799 இல், அதாவது ஆங்கிலேயர் அரக்கானுக்குள் கால் வைப்பதற்கு இருபத்தேழு வருடங்களுக்கு முன்பே, பிரான்சிஸ் புக்கானன் என்ற ஸ்கொட்லாந்து வைத்தியர் பர்மாவில் பேசப்படும் மொழிகளைப் பற்றிய கட்டுரை ஒன்றை வெளியிட்டார். அரக்கானில் நெடுங்காலமாகக் குடியிருக்கும் முஸ்லிம்கள் தங்களை "ரூயிங்கா" என்று அழைத்துக்கொள்கிறார்கள் என்று அதில் எழுதியிருக்கிறார்.

ஆங்கிலேயர் காலத்தில் சிட்டகொங்கிலிருந்து வயல் வேலைக்கு நிறையப் பேர் வந்தார்கள் என்பதும் உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. அப்படி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் பூட்டப்பிள்ளைகளும் பிறந்து வளர்ந்த நாடு எது? நம் மலையகத்து மக்களைப் பார்த்து இதே கேள்வியை 1948 இல் கேட்டார்கள். இந்த நாட்டுக்குத் தேயிலையும் கோப்பியும் தந்த சுமார் ஏழு லட்சம் பேர் ஒரு சட்டத்தால் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் "இத்தனை லட்சம் உனக்கு, இத்தனை லட்சம் எனக்கு" என்று மனிதர்களைப் பங்குபோட்டார்கள். கடைசிச் சட்டம் வந்து அந்தக் கணக்கு முடிய 2003 ஆகிவிட்டது.

பர்மாவில் அந்த வேலையைச் செய்தது 1982 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம். 1823 க்கு முன்பிருந்தே அந்நாட்டில் வாழ்ந்த இனங்களே முழுப் பிரஜைகள் என்றது. அந்த இனங்கள் 135 என்று அரசு பட்டியல் காட்டியது. அதில் ரோஹிங்யா இல்லை. ஆனால் சுதந்திரத்துக்குப் பிந்திய காலத்தில் அவர்கள் வாக்களித்தவர்கள், பாராளுமன்றத்தில் இருந்தவர்கள். 1960களின் தொடக்கத்தில் அரச வானொலியில் ரோஹிங்யா மொழியில் ஒலிபரப்பும் இருந்தது. வானொலியில் பெயர் சொல்லி அழைத்த அதே நாடு, இருபது வருடம் கழித்து அப்படியொரு இனமே இல்லை என்றது.

*சட்டம் முதலில், பொய் அடுத்து, நெருப்பு கடைசியில்*

1978 இல் "நாகமின்" என்ற பெயரில் நடந்த சோதனை நடவடிக்கையின்போது இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்களாதேஷுக்கு ஓடினார்கள். 1991, 92 இல் மீண்டும் இரண்டரை லட்சம் பேர் அளவில் ஓடினார்கள். அப்போது முகநூல் இல்லை. வெறுப்பு பழையது. தொலைபேசி அதற்குக் கால் கொடுத்தது.

2011 வரை மியன்மாரில் ஒரு சிம் அட்டை வாங்குவது பணக்காரரால்தான் முடியும். 2014 அளவில் விலை திடீரென்று இறங்கியது. ஒரு முழு நாடே ஒரே நேரத்தில் கைத்தொலைபேசி வாங்கியது. அவர்களுக்கு இணையம் என்றாலே முகநூல்தான். பத்திரிகை, அரச அறிவித்தல், அயலவர் பேச்சு, வதந்தி எல்லாம் ஒரே திரையில் ஒரே நிறத்தில் வந்தன.

2014 ஜூலையில் மண்டலே நகரத்தில் நடந்ததைப் பாருங்கள். முஸ்லிம் தேநீர்க் கடை உரிமையாளர் ஒருவர் கடையில் வேலை செய்த பௌத்தப் பெண்ணைக் கற்பழித்தார் என்று ஒரு பதிவு. பிக்கு விராது அதைத் தன் முகநூல் பக்கத்தில் பகிர்ந்தார். கூட்டம் தெருவுக்கு வந்தது. இருவர் கொல்லப்பட்டார்கள். ஒருவர் முஸ்லிம், ஒருவர் பௌத்தர். பிறகு விசாரித்தபோது அப்படியொரு சம்பவமே நடக்கவில்லை என்று தெரியவந்தது. பொய் முறைப்பாட்டைச் செய்தவர்களும் செய்வித்தவர்களும் 2015 இல் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார்கள். தீர்ப்பு வந்தது நல்லது. செத்த இருவரும் வரவில்லை.

அந்தக் காலத்தில் முகநூல் நிறுவனத்தில் பர்மிய மொழிப் பதிவுகளைப் பரிசீலிக்க இருந்தவர்கள் இரண்டு பேர்தான் என்று ரொய்ட்டர்ஸ் பின்னர் வெளிப்படுத்தியது. பிறகு அவசர அவசரமாக "கலா" என்ற இழிசொல்லைத் தடைசெய்யப் பார்த்தார்கள். தெற்காசியாவிலிருந்து வந்தவர்களை ஏளனமாகக் குறிக்கும் பர்மியச் சொல் அது. அந்தத் தடையில் ஒரு பருப்பின் பெயரும் சிக்கி, சமையல் பற்றி எழுதியவர்களின் பதிவுகளும் அழிந்தன. வெறுப்பை எழுதியவர்கள் எழுத்தை மாற்றிப் போட்டுத் தொடர்ந்தார்கள்.

"கலா" என்ற அந்தச் சொல் முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதல்ல. ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை சுமந்த தெலுங்கருக்கும், வயலிலும் கடையிலும் இருந்த தமிழருக்கும் அதே பெயர்தான். 1930 இல் ரங்கூன் கலவரத்தில் அடிபட்டுச் செத்தவர்களில் பெரும்பாலானோர் தெலுங்குத் தொழிலாளர்கள். 1962 இல் இராணுவ ஆட்சி வந்து கடைகளை அரசுடைமையாக்கியபோது, கிட்டத்தட்ட மூன்று லட்சம் இந்திய வம்சாவளியினர் கையில் ஒன்றுமில்லாமல் கப்பலேறினார்கள். அவர்களில் தமிழர் ஏராளம். சென்னையில் "பர்மா பஜார்" என்று ஒரு கடைத்தெரு இருப்பதற்குக் காரணம் அதுதான். ஒரு வெறுப்புச் சொல் ஒரு சமூகத்தோடு நிற்பதில்லை.

*இராணுவம் அச்சடித்த பொய்*

2017 ஓகஸ்ட் 25 இல் ஆர்சா என்ற ஆயுதக் குழு சுமார் முப்பது பொலிஸ் காவலரண்களைத் தாக்கியது. அந்தக் குழு இந்துக் கிராமத்தவர்களைக் கொன்றது என்று அம்னெஸ்டி நிறுவனம் 2018 இல் ஆதாரங்களோடு அறிக்கை வெளியிட்டது. அதையும் சொல்லத்தான் வேண்டும், அநியாயம் யார் செய்தாலும் அநியாயம். ஆனால் அதற்குப் பதிலாக இராணுவம் என்ன செய்தது? கிராமம் கிராமமாக எரித்தது. சில மாதங்களில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நாஃப் ஆற்றைக் கடந்து ஓடினார்கள். முதல் மாதத்தில் மட்டும் குறைந்தது 6,700 பேர் வன்முறையில் இறந்தார்கள் என்று எல்லைகளற்ற வைத்தியர்கள் அமைப்பு கணித்தது. ஒரு ஆயுதக் குழுவின் குற்றத்துக்குத் தொட்டிலில் கிடந்த பிள்ளை பொறுப்பா? 2019 ஏப்ரலுக்குப் பிறகு இந்த நாட்டு முஸ்லிம்கள் அத்தனை பேரையும் சந்தேகக் கண்ணோடு பார்த்தபோது நாம் கேட்ட கேள்வியும் இதுதானே?

அடுத்த வருடம், 2018 ஜூலையில், மியன்மார் இராணுவத்தின் மக்கள் தொடர்பு மற்றும் உளவியல் யுத்தப் பிரிவு ஒரு புத்தகம் வெளியிட்டது. அதில் பழைய புகைப்படங்கள் இருந்தன. ஒன்றில் ஒரு மனிதன் விவசாயக் கருவியோடு இரண்டு சடலங்களுக்கருகில் நிற்கிறான். வங்காளிகள் உள்ளூர் மக்களைக் கொன்றார்கள் என்று கீழே எழுதியிருந்தது. ரொய்ட்டர்ஸ் தேடிப் பார்த்தது. அது 1971 இல் டாக்காவில் எடுத்த படம். கொல்லப்பட்டுக் கிடந்தவர்களே வங்காளிகள்.

இன்னொன்றில் மூட்டை முடிச்சோடு நீண்ட வரிசையாக மக்கள் நடந்து வருகிறார்கள். ஆங்கிலேயர் காலத்தில் வங்காளிகள் நாட்டுக்குள் நுழைந்த காட்சியாம். உண்மையில் 1996 இல் தான்சானியாவில் எடுக்கப்பட்ட ருவாண்டா அகதிகளின் படம். வர்ணப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பழையது போல் காட்டியிருந்தார்கள். மூன்றாவது படத்தில் ஒரு படகு. வங்காளிகள் கடல் வழியாக நுழைகிறார்கள் என்றது விளக்கம். அது 2015 இல் மியன்மாரை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தவர்களின் படகு. ஓடிப் போகிறவனின் படத்தைக் காட்டி, ஆக்கிரமிக்க வருகிறான் என்றார்கள்.

அம்பலமான பிறகு இராணுவத்தின் பத்திரிகை சிறியதொரு மன்னிப்பு அச்சிட்டது. அதே ஓகஸ்டில் இராணுவத் தளபதி மின் ஆங் லாயிங்கின் கணக்கை முகநூல் நீக்கியது. தன் தளம் வன்முறையைத் தூண்டப் பயன்படாமல் தடுக்கப் போதியளவு செய்யவில்லை என்று அந்த நிறுவனமே நவம்பரில் ஒத்துக்கொண்டது. அதற்குள் கிராமங்கள் சாம்பல்.

*நம் பக்கத்துப் பொய்யும் பொய்தான்*

சிலருக்கு இது கசக்கலாம். 2012 இல், பிக்குகள் நூற்றுக்கணக்கான சடலங்களுக்கு நடுவே நிற்கும் படம் ஒன்று உலகெங்கும் முஸ்லிம்களிடையே பரவியது. பர்மிய பிக்குகள் கொன்ற முஸ்லிம்கள் என்று சொல்லப்பட்டது. உண்மையில் 2010 இல் சீனாவின் யூஷு பகுதியில் நடந்த பூமியதிர்ச்சியில் இறந்தவர்களைத் தகனம் செய்ய வந்த திபெத்திய பிக்குகள் அவர்கள். 2017 இல் துருக்கியின் துணைப் பிரதமரே ரோஹிங்யா என்று சொல்லிச் சம்பந்தமில்லாத படங்களை டுவிட்டரில் போட்டு, பிறகு அழித்தார். உடனே ஆங் சான் சூகி அதைப் பிடித்துக்கொண்டு, எல்லாமே பொய்ப் பிரசாரம் என்ற தோரணையில் பேசினார்.

விளங்குகிறதா? உண்மையான எரிந்த கிராமங்கள் இருந்தன. உண்மையான சாட்சிகள் இருந்தார்கள். அனுதாபத்தில் போட்ட ஒரு பொய்ப் படம், கொலைகாரர்களுக்கு ஒளிந்துகொள்ள இடம் கொடுத்தது. பாவியொருவன் செய்தி கொண்டுவந்தால் தீர விசாரியுங்கள் என்ற ஹுஜுராத் அத்தியாயத்தின் கட்டளை, நமக்குப் பிடித்த செய்திக்கும் பொருந்தும்.

*இலங்கையில் உண்மை நிலவரம்*

"லட்சக்கணக்கில் வருகிறார்கள்" என்பதைப் பார்ப்போம். 2013 பெப்ரவரியில் நம் கடற்படை ஒரு படகிலிருந்து 32 பேரை மீட்டது. பசியாலும் தாகத்தாலும் தொண்ணூறுக்கும் அதிகமானோர் வழியிலேயே இறந்து, கடலில் விடப்பட்டார்கள் என்று உயிர் தப்பியவர்கள் சொன்னார்கள். 2017 இல் சுமார் முப்பது பேர். 2022 டிசம்பரில் வடக்குக் கடலில் 104 பேர். 2024 டிசம்பரில் முள்ளிவாய்க்கால். பெரிதாகப் பேசப்பட்ட வருகைகள் இவைதான். சில நூறு பேர்.

"காணி கொடுத்துக் குடியேற்றுவார்கள்" என்பதும் அப்படித்தான். 1951 ஆம் ஆண்டு அகதிகள் சமவாயத்தில் இலங்கை கையொப்பமிடவில்லை. ஐ.நா. அகதிகள் நிறுவனம் ஒருவரை அகதி என்று ஏற்றுக்கொண்டாலும், அவருக்கு இங்கே நிரந்தரமாகத் தங்கவோ தொழில் செய்யவோ உரிமையில்லை. வேறொரு நாடு ஏற்கும்வரை காத்திருக்க வேண்டும், அது வருடக்கணக்கில் இழுக்கும். அதேநேரம், சித்திரவதைக்கு எதிரான சமவாயத்தில் இலங்கை 1994 இல் இணைந்தது. சித்திரவதை காத்திருக்கும் இடத்துக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பக்கூடாது என்பது நாம் கொடுத்த வாக்கு.

ஏன் வருகிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். கொக்ஸ் பசார் முகாம்களில் பத்து லட்சம் பேர் அளவில் மூங்கில் குடிசைகளில் இருக்கிறார்கள். 2023 இல் ஓர் ஆளுக்கு மாதம் 12 டொலராக இருந்த உணவு உதவி, நிதியில்லாமல் 8 டொலருக்கு இறங்கியது. அந்தத் தொகையில் பிள்ளை வளர்க்க முடியாதவன் படகில் ஏறுகிறான்.

படகில் ஏறுவது நமக்கும் புதிதல்ல. 2010 இல் 492 ஈழத்தமிழரோடு எம்.வி. சன் சீ கப்பல் கனடாவை அடைந்தபோது, அங்கும் "பயங்கரவாதிகள்", "ஆட்கடத்தல்காரர்கள்" என்றுதான் பேசினார்கள். 2022 நவம்பரில் பொருளாதாரம் விழுந்திருந்த நேரம், 303 இலங்கையர் ஒரு படகில் தத்தளித்து, ஜப்பானியக் கொடியேந்திய கப்பலால் மீட்கப்பட்டு வியட்நாமில் இறக்கப்பட்டார்கள். அடுத்த மாதமே 104 ரோஹிங்யாக்கள் நம் கடலில். அங்கே நம் பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுத்தவர்கள் அடையாள அட்டை கேட்கவில்லை.

2017 செப்டெம்பர் 26 ஆம் திகதியையும் மறக்கக்கூடாது. கல்கிசையில் ஐ.நா. பராமரிப்பில் ஒரு வீட்டில் இருந்த 31 ரோஹிங்யாக்களை, பிக்குகள் சிலர் முன்னால் நிற்க ஒரு கும்பல் முற்றுகையிட்டது. அவர்களில் பாதிக்கு மேல் சிறுவர்கள். "பயங்கரவாதிகளை வெளியேற்று" என்ற கூச்சல் முகநூலில் காணொளியாக ஓடியது. பாதுகாப்புக்காக அந்தக் குடும்பங்களைப் பொலிஸார் பூஸாவுக்குக் கொண்டுபோனார்கள். அதற்கு ஐந்து மாதம் கழித்து, 2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் "மலட்டு மாத்திரை" கண்டுபிடித்தார்களாம். அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பார்த்துவிட்டு அது வெறும் மாவுக் கட்டி என்றார். அதற்கு முன் பள்ளிவாசல் தாக்கப்பட்டுவிட்டது. ஒரு வாரத்தில் திகன. அகதிக்கு எதிராக ஓடிப் பழகிய பொய், அடுத்து நம் வாசலுக்கு வந்தது.

*அகதி என்ற சொல்*

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னாரிலிருந்து பலர் வள்ளங்களில் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினார்கள். புத்தளத்து மக்கள் வீட்டைத் திறந்தார்கள், காணி கொடுத்தார்கள், சோறு போட்டார்கள். அதுவும் வரலாறு. பிறகு வருடங்கள் நீண்டபோது, பாடசாலை இடம், பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி, கூலி வேலை என்று உரசல் வந்தது. "அகதி" என்பது வசைச்சொல் ஆனது. ஒரே கலிமா, ஒரே மொழி, ஒரே பள்ளிவாசல் ஸப்பு. அப்படியிருந்தும் வந்தது. அந்தப் பிள்ளைகள் இன்று நம்மிடையே ஆசிரியர்களாக, தாதியர்களாக, வியாபாரிகளாக இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுப் பாருங்கள், கூடாரத்தில் ஒழுகிய மழையைவிட வகுப்பில் விழுந்த அந்தச் சொல்தான் அதிகம் ஞாபகம் என்பார்கள்.

இஸ்லாத்தின் முதல் அகதிகள் கடல் கடந்து அபிசீனியாவுக்குப் போனவர்கள். அவர்களைத் திருப்பித் தரும்படி குறைஷிகள் பரிசுப் பொருட்களோடு தூதர்களை அனுப்பினார்கள். அறிவற்ற இளைஞர்கள், மதத்தை விட்டவர்கள், உங்கள் மதத்திலும் சேராதவர்கள் என்றெல்லாம் குற்றம் சொன்னார்கள். கிறிஸ்தவ மன்னர் நஜ்ஜாஷி அந்தப் பேச்சை மட்டும் கேட்டு முடிவெடுக்கவில்லை. அகதிகளையும் கூப்பிட்டுப் பேசச் சொன்னார். ஜஃபர் (ரலி) பேசினார். மன்னர் பரிசுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

உங்களிடம் கேட்பது சின்ன விடயங்கள். ஒரு படம் வந்தால் கூகுள் லென்ஸில் போட்டு அது எப்போது, எங்கே எடுத்தது என்று பாருங்கள். அரை நிமிட வேலை. எண்ணிக்கை வந்தால் யார் எண்ணியது என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் அனுப்பாதீர்கள். ஊர்க் குழுமத்தில் பெரியவர் ஒருவர் தவறானதைப் போட்டால் எல்லோர் முன்னிலையிலும் அவமானப்படுத்தாமல், தனியாக எடுத்துச் சொல்லுங்கள், உண்மையான தகவலை மட்டும் குழுமத்தில் போடுங்கள். சிங்களம் நன்றாக எழுதத் தெரிந்த தம்பி தங்கைகள் இந்த வரலாற்றைச் சிங்களத்தில் எழுதுங்கள். நாம் நமக்குள்ளேயே தமிழில் பேசிக்கொண்டிருந்தால் போதாது.

பிழையான தகவல் ஏதாவது இந்தப் பதிவில் கண்டால் கொமென்டில் ஆதாரத்தோடு சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். வசை எழுதுபவர்களின் கொமென்ட் நீக்கப்படும். பிள்ளைகள் வாசிக்கும் பக்கம் இது.